அஹ்மது இப்னு ஹன்பல்: விசாரணையும் சாட்சிகளும்

கி.பி. 845 செப்டம்பரில், இன்றைய துருக்கியின் தென்பகுதியில் ஓடும் லாமோஸ் என்ற சிற்றாற்றின் இரு கரைகளிலும் இரண்டு படைகள் முகாமிட்டிருந்தன. கைதிகளை மாற்றிக்கொள்வதற்காக வந்தவை அவை. ஆற்றின் குறுக்கே முஸ்லிம்கள் ஒரு பாலமும் பைஸாந்தியர்கள் ஒரு பாலமும் கட்டினார்கள். ஒரு பாலத்தில் ஒரு முஸ்லிம் கைதி இறங்க, மறு பாலத்தில் ஒரு கிறிஸ்தவக் கைதி ஏறுவார். தம் ஆள் கரை சேர்ந்ததும் முஸ்லிம் படையிலிருந்து ‘அல்லாஹு அக்பர்’ என்ற தக்பீர் முழங்கும். மீட்கப்பட்டவர்கள் நாலாயிரம் பேருக்கும் மேல். ஆனால் மீட்கப்படுவதற்குமுன் ஒவ்வொரு முஸ்லிம் கைதியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லையா? படைக்கப்பட்டது என்றவர்கள் வீடு திரும்பினார்கள். மறுத்தவர்களைப் பைஸாந்தியர் கையிலேயே விட்டுவரும்படி கலீஃபா வாஸிக்கின் உத்தரவு இருந்தது. வரலாற்றாசிரியர் தபரி இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

பல ஆண்டுகள் அந்நியச் சிறையில் கிடந்த படைவீரனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? இறையியல் நுணுக்கம் ஒன்றை அரசு தன் குடிகளின் நாவில் ஏற்ற முயன்ற அந்தப் பதினைந்து சொச்சம் ஆண்டுகளை முஸ்லிம் வரலாறு ‘மிஹ்னா’ என்கிறது. சோதனை என்று பொருள். அந்தச் சோதனையில் எல்லோரையும்விடப் பெயர்பெற்றவர் பக்தாதின் ஹதீஸ் அறிஞர் அஹ்மது இப்னு ஹன்பல். அவர் பெயரால் ஒரு மத்ஹப், அதாவது சட்டப்பள்ளி, இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈக்களோ ஹனஃபீக்களோதான். ஹன்பலீக்கள் இங்கே கிடையாது. ஆனாலும் நான்கு இமாம்களில் ஒருவராக அவர் பெயர் மதரஸா மாணவர் எவருக்கும் தெரியும். கலீஃபாவின் சாட்டைக்கு அஞ்சாதவர் என்பதே அவரைப் பற்றி நிலைத்துவிட்ட சித்திரம்.

அந்தச் சித்திரம் எப்படி உருவானது என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை. அதைச் சோதிக்க வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவரத் தேவையில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார், சொன்னவருக்கு அதில் என்ன சார்பு என்று பார்ப்பதிலேயே அஹ்மது தம் ஆயுளைச் செலவிட்டார். அதே முறையில் அவருடைய வாழ்க்கையையும் விசாரிக்கலாம்.

அஹ்மது பிறந்தது 780இன் இறுதியில், பக்தாதில். அப்போது அந்த நகருக்கு வயது பதினெட்டு. அப்பாஸியரை அரியணை ஏற்றிய குராஸான் படையின் வழித்தோன்றல்கள் குடியேறிய நகரம் அது. அஹ்மதின் குடும்பமும் அப்படி வந்ததுதான். பாட்டனார் ஹன்பல், உமையாக்கள் காலத்தில் ஸரக்ஸின் ஆளுநராக இருந்து பின்னர் அப்பாஸியர் பக்கம் சேர்ந்தவர். தந்தை படைவீரர், மகன் நினைவறியும் முன்பே, முப்பது வயதில் இறந்துபோனார். மர்வு நகரிலிருந்து கருவுற்றே பக்தாதுக்கு வந்த தாய் பிள்ளையைத் தனியாக வளர்த்தார். ஆக, பின்னாளில் அரசை எதிர்த்து நின்றவராகப் போற்றப்படுபவர் அந்த அரசை நிறுவியவர்களின் பேரப்பிள்ளை. இந்த முரண் முக்கியமானது. பின்னர் கலீஃபாவான மஃமூனின் படைகள் 812-813இல் பக்தாதை முற்றுகையிட்டுச் சிதைத்தபோது நொந்தவர்கள் இந்தப் பழைய குராஸானிக் குடும்பங்கள்தாம். வாரிசுப் போரில் தம்பி அமீனை வீழ்த்திய மஃமூன், ஆறு ஆண்டுகள் கழித்தே தலைநகருக்குள் நுழைந்தார். கலீஃபாவுக்கும் பக்தாது மக்களுக்கும் இடையே இருந்த கசப்பு, குர்ஆன் பற்றிய விவாதத்துக்கு முந்தியது.

பதினைந்து வயதில், 795இல், அஹ்மது ஹதீஸ் கற்கத் தொடங்கினார். முதல் பெரிய ஆசிரியர் ஹுஷைம் இப்னு பஷீர். அவர் இறந்தபின் கூஃபா, பஸ்ரா, மக்கா, யமன் என்று பயணங்கள். ஹஜ்ஜுக்கு ஐந்துமுறை போனார். அதில் மூன்று கால்நடையாக. யமன் பயணம் பற்றிய செய்தி ஒன்று அந்தக் காலத்துக் கல்வியின் போக்கை நன்றாகக் காட்டுகிறது. யமனின் பேரறிஞர் அப்துர் ரஸ்ஸாக்கைத் தேடிப் புறப்பட்ட அஹ்மதும் நண்பர் யஹ்யா இப்னு மஈனும் வழியில் மக்காவிலேயே அவரைக் கண்டுவிட்டார்கள். இங்கேயே கேட்டுக்கொள்வோம், ஒரு மாதப் பயணம் மிச்சம் என்றார் யஹ்யா. யமனுக்குப் போவதாக நிய்யத் வைத்துவிட்டேன், மாற்றமாட்டேன் என்று அஹ்மது மறுத்துவிட்டார். ஸன்ஆவுக்கே போய்ச் சேர்ந்தார்கள். கைப்பணம் தீர்ந்தபோது ஒட்டகக்காரர்களிடம் கூலிவேலை செய்தார். ஆசிரியர் நீட்டிய பணத்தைத் தொடவில்லை. பிடிவாதம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் ஹதீஸ் உலகில் பயணத்தின் சிரமமும் அறிவின் ஒரு பகுதி. ஆசிரியரின் ஊரில், அவருடைய ஏடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஹதீஸ் என்பதற்கு இரு உறுப்புகள். ஒன்று செய்தி, மற்றது அது வந்த வழி, அதாவது ‘இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார்’ என்று நபித்தோழர் வழியாக நபிகளார்வரை நீளும் அறிவிப்பாளர் தொடர். இதை இஸ்னாத் என்பார்கள். ஒரே செய்தி பத்து வழியில் வந்தால் அதைப் பத்து ஹதீஸாகக் கணக்கிடுவது அந்த உலகின் வழக்கம். அஹ்மது ஏழரை லட்சம் ஹதீஸிலிருந்து தம் நூலைத் தேர்ந்தெடுத்தார் என்ற புகழ்பெற்ற செய்தியை இந்தக் கணக்கோடு படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது புராணம்போல ஆகிவிடும். அவரது நினைவாற்றல் பற்றி மகன் அப்துல்லாஹ் சொன்னது இன்னும் நம்பத்தக்கது: வகீஃ என்ற ஆசிரியரின் எந்த ஏட்டையும் எடு, நீ செய்தியைச் சொன்னால் நான் தொடரைச் சொல்கிறேன், தொடரைச் சொன்னால் செய்தியைச் சொல்கிறேன் என்று தந்தை சவால் விட்டாராம். அவ்வளவு நினைவு இருந்தும், பாடம் சொல்லும்போது ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். தம் நினைவையும் சந்தேகிப்பது அவரது தொழிலொழுக்கம்.

அவருடைய பெருநூல் ‘முஸ்னத்’. திரும்ப வருவனவற்றையும் சேர்த்து ஏறத்தாழ இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள். தொழுகை, நோன்பு, வணிகம் என்று பொருள்வாரியாக அடுக்கப்படாமல், அறிவித்த நபித்தோழர்களின் பெயர்வாரியாக அமைந்த நூல் அது. சட்டம் தேடி வருபவருக்குப் பெரும் தொல்லை. நோன்பு பற்றி ஒரு விவரம் வேண்டுமென்றால் எந்தத் தோழர் அதை அறிவித்தார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்துப் புகாரி, முஸ்லிம் தொகுப்புகள் பொருள்வாரியாக அமைந்ததால் பரவலாகப் பயன்பட்டன; முஸ்னத் அறிஞர்களின் சுரங்கமாகவே இருந்துவிட்டது. அதை இறுதி வடிவில் நமக்குத் தந்தவர் மகன் அப்துல்லாஹ். அவரிடமிருந்து பெற்றவர் கதீஈ என்ற மாணவர். அதில் வலுவற்ற ஹதீஸ்கள் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் ஹன்பலீ அறிஞர் இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்டவைகூடச் சில உண்டு என்று வாதிட்டார். ஷாஃபிஈயான இப்னு ஹஜர் அதை மறுத்து முஸ்னதைக் காக்கத் தனி நூலே எழுதினார். ஹன்பலீ குறை சொல்ல, ஷாஃபிஈ பரிந்து பேசினார். மத்ஹப் விசுவாசத்தைவிட இஸ்னாத் விசாரணைக்கு அந்த அறிஞர்கள் கொடுத்த இடம் பெரிது.

இனி மிஹ்னா. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை மஃமூன் 827இல் அறிவித்தார். முஃதஸிலாக்கள் முதலான இறையியலாளர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. இறைவன் ஒருவனே அநாதி. குர்ஆனும் அநாதி என்றால் அநாதிகள் இரண்டாகிவிடும், ஏகத்துவம் என்னாவது? மஃமூனின் கடிதம் இதைக் கிறிஸ்தவ ஒப்பீட்டோடு சொல்கிறது: ஈஸா இறைவனின் வார்த்தை, ஆகவே படைக்கப்படாதவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கிறிஸ்தவ, யூத அறிஞர்கள் வந்துபோகும் அவையில் இது கூர்மையான கேள்வி. மறுபக்கம், ஹதீஸ்வாதிகளின் அச்சமும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். குர்ஆன் படைப்புகளில் ஒன்று என்றால், அது இறைவனின் பேச்சு என்பதற்கு என்ன பொருள் மிஞ்சும்?

ஆனால் 833 ஏப்ரலில் மஃமூன் ரக்காவிலிருந்து பக்தாது ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்கு எழுதிய கடிதத்தில் தத்துவத்தைவிட அதிகாரத்தின் குரல்தான் ஓங்கியிருக்கிறது. மக்கள்திரள் அறியாமையில் மூழ்கியது. அவர்களை வழிநடத்துவது கலீஃபாவின் கடமை. இந்தக் கொள்கையை ஏற்காத காழியோ (நீதிபதி) சாட்சியோ இனி நம்பத்தக்கவர் அல்ல. முதலில் ஏழு அறிஞர்கள் ரக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். ‘தபகாத்’ எழுதிய இப்னு ஸஅத் அதில் ஒருவர். யமனுக்குக் கூடவே பயணம் செய்த யஹ்யா இப்னு மஈன் இன்னொருவர். ஏழு பேரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்த ஏழு பேர் உறுதியாக நின்றிருந்தால் இந்த விவகாரம் அப்போதே அடங்கியிருக்கும் என்று அஹ்மது பின்னாளில் வருந்தியதாகச் செய்தி உண்டு.

அடுத்து பக்தாதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஆளுநர் கேட்டதும் அவர்கள் சொன்னதும் தபரியின் பக்கங்களில் கேள்வி-பதிலாக இருக்கின்றன. அதிகார விசாரணையில் அகப்பட்ட மனிதர்கள் எப்படியெல்லாம் வழுக்கிச் செல்வார்கள் என்பதற்கு அரிய ஆவணம். அது இறைவனின் பேச்சு, அதற்கு மேல் எதுவும் சேர்க்கமாட்டேன் என்ற நிலையைத் தாண்டி அஹ்மது ஓரடியும் எடுக்கவில்லை. ‘படைக்கப்படாதது’ என்ற வாக்கியத்தை அவர் பின்னாளில்தான் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார். முதலில் அவர் மறுத்தது அந்தக் கேள்வியையே. நபிகளாரும் தோழர்களும் பேசாத ஒன்றைப் பேசும்படி என்னைக் கேட்காதே என்பதுதான் அவர் நின்ற இடம்.

பதில்கள் மஃமூனுக்குப் போயின. அவர் திருப்பி எழுதிய கடிதம் ஒரு கலீஃபாவின் கைக்குப் பொருந்தாத அளவுக்குக் குத்தலானது. ஒருவர் அன்பாரில் இருந்தபோது தானியம் திருடியதைச் சொல்லிக்காட்டுகிறார். எகிப்தில் காழியாக இருந்த ஒருவர் ஓராண்டுக்குள் சேர்த்த பணத்தை நினைவூட்டுகிறார். நெற்றியில் ஸஜ்தா தழும்பு தெரியவேண்டுமென்று பேரீச்சங்கொட்டையால் தேய்த்துக்கொள்பவர் என்று ஒருவரை எள்ளுகிறார். அஹ்மதைப் பற்றி அவர் எழுதியது, அறியாமை என்பதோடு முடிந்துவிடுகிறது. சொல்லிக்காட்ட வேறெதுவும் கிடைக்கவில்லை போலும்.

மறுவிசாரணையில் மறுத்து நின்றவர்கள் நால்வர். அடுத்தடுத்த நாள்களில் இருவர் இளகிவிட, அஹ்மதும் முஹம்மது இப்னு நூஹ் என்ற இளைஞரும் மட்டும் விலங்கிடப்பட்டு, மஃமூன் போர்முகாமிட்டிருந்த தர்ஸூஸை நோக்கி அனுப்பப்பட்டார்கள். வழியிலேயே மஃமூன் இறந்த செய்தி வந்தது, ஆகஸ்ட் 833. திரும்பி வரும் வழியில் இப்னு நூஹ் இறந்தார். அஹ்மது ஜனாஸா தொழுகை நடத்தி அடக்கினார். பக்தாதில் அஹ்மதுக்குச் சிறை. சோதனையைத் தொடரும்படி மஃமூன் தம் இறுதி உயிலில் தம்பி முஃதஸிமைக் கேட்டுக்கொண்டிருந்தார். முஃதஸிம் படைத்தலைவர், இறையியல் அவருக்கு அண்ணன் விட்டுப்போன பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்து நடத்தியவர் தலைமைக் காழி இப்னு அபீ துஆத்.

கலீஃபாவின் முன்னிலையில் விசாரணை நடந்தது ஒரு ரமழானில். 834 என்று கொள்வோர் உண்டு. கைதிலிருந்து விடுதலைவரை 28 மாதங்கள் என்று மகன் ஸாலிஹ் சொன்ன கணக்கை ஏற்றால் 835 ஆகிறது. மூன்று நாள் விவாதம். குடும்பத்தார் தந்திருக்கும் வருணனையில், அஹ்மதின் உத்தி மாறவே இல்லை: இறைவனின் வேதத்திலிருந்தோ தூதரின் வழிமுறையிலிருந்தோ ஆதாரம் கொடுங்கள், ஏற்கிறேன். ஒருமுறை மட்டும் எதிர்க்கேள்வி போட்டார். இறைவனின் அறிவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், அதுவும் படைக்கப்பட்டதா? கேட்டவர் வாயடைத்துப்போனார். ஏனென்றால் ஆம் என்றால் இறைவன் ஒரு காலத்தில் அறிவில்லாமல் இருந்தான் என்றாகிவிடும். கலாம் எனும் இறையியல் தர்க்கத்தையே வெறுத்தவர் என்று அறியப்பட்டவரின் வாயிலிருந்து வந்த அசலான கலாம் வாதம் இது. அவருக்குத் தர்க்கம் தெரியாது என்ற ஏளனம் பொருந்தாது. தெரிந்தே விலகி நின்றார்.

முஃதஸிம் இறங்கிவரத் தயாராக இருந்தார். ஒப்புக்கொண்டால் என் கையாலேயே விலங்கை அவிழ்ப்பேன் என்றுகூடச் சொன்னதாகப் பதிவு. இவரை விட்டுவிட்டால் இரண்டு கலீஃபாக்களை வென்றவர் என்று ஊர் பேசும் என்று இப்னு அபீ துஆத் தரப்பு எச்சரித்தது. சாட்டை எடுக்கப்பட்டது. அடிப்பவர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டடி அடித்துவிட்டு நகர, அடுத்தவர் வருவார், கை சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. எத்தனை அடி? முப்பது சொச்சம் என்றும் எண்பது என்றும் சொல்கிறார்கள். அஹ்மது நினைவிழந்தார். கண்விழித்தபோது விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன.

நினைவிழந்ததற்கும் விழித்ததற்கும் இடையில் என்ன நடந்தது? கதையின் முடிச்சு இங்கேதான். குடும்பத் தரப்பின் அறிக்கைகள் இரண்டு: மகன் ஸாலிஹ் சொன்னது ஒன்று, தந்தையின் சகோதரர் இஸ்ஹாக்கின் மகன் ஹன்பல் சொன்னது ஒன்று. இருவரும் அவர் பணியவில்லை என்கிறார்கள். எதிர்த்தரப்பில் ஜாஹிழ். அரபு உரைநடையின் பெருங்கலைஞர், முஃதஸிலா, இப்னு அபீ துஆத் குடும்பத்தின் ஆதரவில் எழுதியவர். அவர் சொல்வது: வாளைக் காட்டி யாரும் மிரட்டவில்லை, நுனி தேய்ந்த சாட்டையால் முப்பது அடிதான், அஹ்மது ஒருமுறைக்கு மேல் ஒப்புக்கொண்டார். வரலாற்றாசிரியர் யஃகூபியும் அஹ்மது இணங்கினார் என்றே எழுதுகிறார். அவர் ஷீஆச் சார்புடையவர். நவீன ஆய்வாளர்களில் சிலர் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். அவர்களுடைய கேள்வி எளிது: பணியாதவரை ஏன் விடுவித்தார்கள்?

அஹ்மதின் முறையில் பார்த்தால் இரண்டு தொடர்களுமே சார்புடையவை. மகனும் உறவினரும் ஒருபக்கம், எதிரியின் ஆதரவில் வாழ்ந்தவர் மறுபக்கம். ஜாஹிழுக்குச் சாதகமாக ஒன்று உண்டு: நிகழ்ச்சிக்கு வெகு அருகில், அதை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதினார். முழுப் பொய்யை அப்போது எழுதுவது எளிதல்ல. எனக்கு எதிர்த்திசையில் வலுவாகப் படுவது வேறொரு செய்தி. சோதனையில் பணிந்த நண்பர்களை அஹ்மது மன்னிக்கவே இல்லை. யஹ்யா இப்னு மஈன் நோயுற்ற அஹ்மதைப் பார்க்க வந்தபோது அவர் முகம் திருப்பிக்கொண்டார். நிர்ப்பந்தத்தில் சொன்னதற்குக் குற்றமில்லை என்று நபித்தோழர் அம்மாரின் செய்தியை யஹ்யா ஆதாரம் காட்ட, அம்மாரை அடித்தார்கள், உங்களை அடிப்போம் என்று சொன்னதோடு சரி என்பது அஹ்மதின் பதில். யஹ்யா அந்தக் காலத்தின் அறிவிப்பாளர் விமர்சகர்களில் தலையாயவர். யாருடைய குறையையும் சொல்லத் தயங்காதவர். அஹ்மதும் அரசவையில் பணிந்திருந்தால், நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டிருக்க மாட்டாரா? பணிந்து அவமானப்பட்ட அத்தனை ஹதீஸ் அறிஞர்களும் இந்த ஒரு விஷயத்தில் வாய்மூடி இருந்தார்கள் என்பது நம்பக் கடினம்.

விடுதலைக்கான காரணமும் கண்டுபிடிக்க முடியாதது அல்ல. ஹன்பலின் வருணனைப்படி, வெளியே கூட்டம் திரண்டிருந்தது. அஹ்மதின் சிற்றப்பா இஸ்ஹாக்கைக் கூட்டத்தின் முன் நிறுத்தி, இவர் உடல் நலமாக ஒப்படைக்கப்பட்டார் என்று சாட்சி சொல்லவைத்தார்கள். அறிவிப்பவர் அந்த இஸ்ஹாக்கின் மகன்தான் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். ஆனாலும் தன் தந்தை அரசின் நாடகத்தில் ஒரு பாத்திரமானதைச் சொல்லும் செய்தி இது. புகழுக்காக இட்டுக்கட்டியது என்று தோன்றவில்லை. பக்தாதின் தெருவை முஃதஸிம் அஞ்சினார் என்றே இதை வாசிக்கலாம். அவர் சீக்கிரமே தம் துருக்கியப் படையோடு ஸாமர்ராவில் புதுத் தலைநகர் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தலைமுறைகள் கடந்ததும் சாட்டையடிக் கதை வளரத் தொடங்கியது. அடிபடும்போது அஹ்மதின் கால்சட்டை அவிழ்ந்து நழுவ, அவர் உதடசைத்துப் பிரார்த்திக்க, அது தானே மேலேறி நின்றது என்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் அபூ நுஐம் இறைநேசர்கள் பற்றி எழுதிய நூலிலும் அதன்பின் இப்னுல் ஜவ்ஸியிடமும் இப்படிப்பட்ட அற்புதங்கள் குவிந்து கிடக்கின்றன. ஸாலிஹின் வருணனையில் வரும் சிறு செய்தி இவை எல்லாவற்றையும்விட அஹ்மதை எனக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. அடிபட்டபின் அவரை ஆளுநர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கரைசல் கொடுத்தபோது நோன்பை முறிக்க மறுத்துவிட்டார். லுஹர் நேரம் வந்தது, தொழுதார். உடையில் இரத்தம் வடியும்போது தொழுதீர்களே என்று அங்கிருந்த காழி கேட்டார். உமர் அவர்கள் காயத்தில் இரத்தம் பெருகும்போதே தொழுதார்கள் என்றார் அஹ்மது. வலியின் நடுவிலும் அவர் தேடியது ஒரு முன்மாதிரியை. அந்தச் செய்தியில் அற்புதம் எதுவும் இல்லை. அதனாலேயே அதை நம்புகிறேன்.

முஃதஸிமுக்குப் பின் வந்த வாஸிக்கின் ஆட்சி இன்னும் கடுமையானது. ஷாஃபிஈயின் மாணவர் புவைதி எகிப்திலிருந்து விலங்கோடு கொண்டுவரப்பட்டுச் சிறையிலேயே இறந்தார். கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட அஹ்மது இப்னு நஸ்ர் 846இல் கொல்லப்பட்டார். அவர் தலை பக்தாதில் ஆண்டுக்கணக்கில் தொங்கியது. நான் இருக்கும் ஊரில் இப்னு ஹன்பல் இருக்கக்கூடாது என்ற வகையில் வாஸிக் செய்தி அனுப்ப, அவர் பாடம் நடத்துவதை நிறுத்தி வீட்டுக்குள் ஒடுங்கினார். பக்தாதின் சட்ட அறிஞர்கள் சிலர் அவரிடம் வந்து, இனி இந்த ஆட்சிக்குக் கட்டுப்பட முடியாது என்றார்கள். அவர் இசையவில்லை. மனத்தால் வெறுங்கள், கீழ்ப்படிதலை உதறாதீர்கள், இரத்தம் சிந்த வழிசெய்யாதீர்கள் என்று திருப்பியனுப்பினார். இன்றைய அர்த்தத்தில் அவரைப் புரட்சியாளர் ஆக்குபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. அவருடைய எதிர்ப்பு ஒரே இடத்தில் குவிந்திருந்தது: மார்க்கத்தில் எது உண்மை என்று சொல்லும் உரிமை அரண்மனைக்கு இல்லை. வரி, படை, ஆட்சி எல்லாம் கலீஃபாவுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த கலீஃபா முதவக்கில் வந்து சோதனையை முடித்துவைத்தார். இப்போது வேறொரு சோதனை தொடங்கியது: அன்பு. ஸாமர்ராவுக்கு அழைப்பு, பணம், பட்டாடை, இளவரசனுக்குப் பாடம் சொல்லும் பதவி. எழுபது வயதுக்காரர் அரண்மனை உணவைத் தொடாமல் நோன்பிருந்து உடல் நலிந்தார். சாட்டையைவிட இதுவே தமக்குக் கடினம் என்று நினைத்ததாகத் தெரிகிறது. வந்த பணத்தைப் பகிர்ந்தளித்துவிட்டார். சிற்றப்பாவும் மகன்களும் ஊதியம் வாங்கிக்கொண்டார்கள். குடும்பம் பெரியது, கலீஃபாவின் கையைத் தட்டிவிடுவதும் ஆபத்து. அஹ்மது அவர்கள் வீட்டுக்குப் போகும் கதவை அடைத்தார். அவசரத்துக்கு ஸாலிஹின் அடுப்பில் சுட்ட ரொட்டியை, அந்த நெருப்பிலும் அரசுப்பணம் இருக்கிறது என்று, சாப்பிடாமல் விட்டதாகவும் சொல்வார்கள். தமக்கென்று அவர் நம்பியிருந்தது பரம்பரைச் சொத்திலிருந்து வந்த சொற்ப வாடகை. அவரோடு வாழ்வது எளிதாக இருந்திருக்காது.

இளகாமை இன்னும் கடுமையான வடிவமும் எடுத்தது. குர்ஆன் படைக்கப்படாதது, ஆனால் அதை ஓதும் என் உச்சரிப்பு படைக்கப்பட்டது என்று கராபீஸி என்ற அறிஞர் சொன்னபோது அஹ்மது அவரை வழிகெட்டவர் பட்டியலில் சேர்த்தார். எதிரிகளை மறுக்கத்தான் என்றாலும் கலாம் முறையில் நூல் எழுதிய சூஃபி முஹாஸிபியைப் புறக்கணித்தார். 857இல் முஹாஸிபி இறந்தபோது ஜனாஸாவுக்கு நான்கு பேர்தான் வந்தார்கள் என்பார்கள். உச்சரிப்பு விவகாரம் பின்னர் நீஷாபூரில் புகாரியையும் தாக்கியது. அவரை அங்கே இருக்கவிடவில்லை. அடிபட்டவர்களின் அணி, பத்தாண்டுகளுக்குள் அடிக்கும் வாய்ப்பைப் பெற்றுவிட்டது. இங்கே சாட்டைக்குப் பதில் ஒதுக்கிவைத்தல். ஹதீஸ் உலகில் ஒருவரிடம் யாரும் கேட்டு எழுதாவிட்டால் அவர் பெயர் தொடரிலிருந்தே அழிந்துவிடும். அது சின்னத் தண்டனை இல்லை.

855 ஜூலை இறுதியில், ஒரு வெள்ளிக்கிழமை, அஹ்மது இறந்தார். ஜனாஸாவுக்கு எட்டு லட்சம் ஆண்கள், அறுபதாயிரம் பெண்கள் என்ற எண்கள் நூல்களில் உண்டு. எண்ணியவர் யார் என்று அஹ்மது கேட்டிருப்பார். அந்த ஊர் அதுவரை பார்த்திராத கூட்டம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஹர்பு வாயில் மயானத்தில் இருந்த அவர் கல்லறையை, சில நூற்றாண்டுகள் கழித்து டைகிரிஸ் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

தம் சட்டக் கருத்துகளை யாரும் எழுதிவைப்பதை அவர் விரும்பவில்லை. கேட்பவர்கள் விடவில்லை. மகன்கள் ஸாலிஹும் அப்துல்லாஹ்வும், ஸுனன் தொகுப்பால் புகழ்பெற்ற அபூதாவூதும், இன்னும் பலரும் அவரிடம் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் ‘மஸாஇல்’ என்ற பெயரில் குறித்துவைத்தார்கள். அவற்றைப் படித்தால் அவர் ‘தெரியாது’, ‘எனக்கு அச்சமாக இருக்கிறது’ என்று சொல்லும் இடங்கள் அடிக்கடி கண்ணில்படும். ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொன்ன இடங்களும் உண்டு. இந்தக் குறிப்புகளையெல்லாம் ஊர் ஊராகப் போய்த் தேடித் திரட்டி ஒரு சட்டப்பள்ளியின் மூலதனமாக்கியவர் அபூபக்ர் கல்லால். ஹன்பலீ மத்ஹப் என்று இன்று நாம் சொல்வதன் உண்மையான கட்டடக்காரர் அவர்தான்.

கல்லால் திரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே பக்தாதில், சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்த தபரி, அந்த நூலில் அஹ்மதின் பெயரைச் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, அவர் ஹதீஸ் அறிஞர், சட்ட அறிஞர் அல்ல என்றார். அஹ்மது உயிரோடு இருந்திருந்தால் இதை மறுத்திருப்பார் என்று தோன்றவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் தபரியின் வீட்டின்மீது கல்லெறிந்தார்கள். அவரைப் பார்க்க மாணவர்கள் வரமுடியாதபடி தடுத்தார்கள். 923இல் தபரி இறந்தபோது, அவர்களுக்கு அஞ்சி இரவோடு இரவாக வீட்டிலேயே அடக்கம் செய்தார்கள் என்று சில நூல்கள் சொல்கின்றன. மஃமூனின் கடிதங்களையும் பக்தாது விசாரணையின் கேள்வி-பதில்களையும் நமக்காகக் காப்பாற்றி வைத்திருப்பது அவருடைய வரலாற்று நூல்.